விட்டுக்கொடுக்கும் மணல், விட்டுக்கொடுக்காத தார்

பழவேற்காட்டில் ஏரிப் பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம் போனால், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒல்லியான மணல் திட்டு ஒன்று தெற்கே காட்டுப்பள்ளி வரை நீண்டு கிடக்கிறது. லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று கடலை நம்பிய ஊர்கள் அந்தத் திட்டின் மேல்தான் இருக்கின்றன. காட்டுப்பள்ளியோடு இவற்றை இணைக்கும் கடலோரச் சாலைக்குத் தீராத வியாதி ஒன்று உண்டு. கடல் சீறும் நாட்களில் அலை சாலை வரை ஏறி வரும். திரும்பும்போது மணலை விட்டுவிட்டுப் போகும். வழியில் உள்ள கருங்காலிப் பக்கம் தார் எங்கே முடிந்தது, கடற்கரை எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி மணல் மூடிக்கொள்வது ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன சங்கதி.

ஆக, இங்கே ஒரே பயணத்தில் வண்டிச் சக்கரம் மூன்று வகைத் தரையைப் பார்த்துவிடுகிறது: தார், மணல், ஏரிக்கரைச் சேறு. நான்கு சக்கர இழுவையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் வாய்க்காது. 'ஃபோர் பை ஃபோர்' என்று பின்கதவில் எழுதி விற்கப்படும் வண்டிகளுக்குள் இரண்டு வேறு வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று பார்ட் டைம், மற்றது ஃபுல் டைம். இரண்டையும் பிரிப்பது வண்டியின் நடுவில் இருக்கும், அல்லது இல்லாமல் இருக்கும், ஒரே ஒரு உறுப்பு. அது எதற்காக என்பதைத் தரைதான் சொல்லிக்கொடுக்கும்.

நான்கும் இழுத்தால் என்ன லாபம்?

எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வண்டியை நகர்த்துவது கடைசியில் டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்புதான். அந்தப் பிடிப்பு டயர் மீது அழுந்தும் எடையைப் பொறுத்தது. மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றிச் செல்லும் 'குட்டி யானை' மினி லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே எஞ்சின் விசை போகிறது. சரக்கு இருக்கும்போது பின்பக்கம் எடை அழுந்துவதால் ஓரளவு சமாளிக்கும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதோ பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்துவிடும். மணலில் அது சுற்றிச் சுற்றிக் குழி தோண்டும்.

மணலில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. விசை இல்லாத முன்சக்கரம் மணலில் புதைந்து, தனக்கு முன்னால் ஒரு சிறு மேட்டைத் தள்ளிக்கொண்டே போகும். அந்த மேட்டின் எதிர்ப்பையும் சேர்த்துப் பின்சக்கரங்கள்தான் தள்ளியாக வேண்டும். முன்சக்கரத்துக்கும் விசை கொடுத்துவிட்டால், அது தன் எதிரே நிற்கும் மேட்டில் தானே ஏறிக்கொள்ளும். வண்டியின் மொத்த எடையும் இழுவைக்குப் பயன்படும். நான்கு சக்கர இழுவையால் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான். அது புதிதாகப் பிடிப்பை உண்டாக்குவதில்லை. இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பிரேக் பிடிக்கும்போது அதனால் எந்த உதவியும் இல்லை. ஈரச் சாலையில் நிற்பதற்கு எல்லாக் கார்களுக்கும் நான்கு டயர்கள்தான்.

வளைவில் பிறக்கும் வம்பு

நான்கு சக்கரங்களையும் எஞ்சினோடு இணைப்பது எளிது. இணைத்த பிறகு வண்டியைத் திருப்புவதுதான் கடினம். கூனங்குப்பத்துக் கடைத்தெருவில் ஒரு ஜீப் யூ திருப்பம் போடுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி இரண்டரை மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி ஐந்து மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்தில் திரும்பினால் அது கடக்கும் தூரம் 15.7 மீட்டர். முன் அச்சு அதைவிடப் பெரிய வட்டத்தில் வரும். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பார்த்தால் அதன் ஆரம் சுமார் 5.6 மீட்டர், கடக்கும் தூரம் ஏறத்தாழ 17.6 மீட்டர். ஒரே திருப்பத்தில் முன் அச்சு கிட்டத்தட்ட 1.9 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும்.

டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் அளவில் இருந்தால், முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட சராசரியாக முக்கால் சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். அச்சிலுள்ள கிரவுன், பினியன் பற்சக்கரங்கள் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைப்பவை என்று கொண்டால், முன்புற புரொப்பெல்லர் ஷாஃப்ட் பின்புறத்ததைவிட மூன்று சுற்றுக்கு மேல் முந்திப் போக வேண்டும். இரண்டு ஷாஃப்ட்டுகளையும் உள்ளே ஒன்றாகப் பூட்டி வைத்திருந்தால் இந்த மூன்று சுற்று எங்கே போகும்?

இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. பார்ட் டைம் சொல்லும் விடை: தரை பார்த்துக்கொள்ளும். ஃபுல் டைம் சொல்லும் விடை: எந்திரம் பார்த்துக்கொள்ளும்.

மண்ணை நம்பும் ஜீப்

1941-இல் அமெரிக்கப் படைக்காகத் தயாரான வில்லிஸ் ஜீப் முதல் விடையைத் தேர்ந்தெடுத்தது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு சிறு பெட்டி. அதற்கெனத் தனிக் கியர் தண்டுகள். சாதாரண ஓட்டத்தில் பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை. முன்சக்கர இழுவைக்கான தண்டை மாற்றினால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் பற்களால் பூட்டப்பட்டு, ஒரே வேகத்தில் சுற்றும். மஹிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்போடுதான் வாகனத் தொழிலில் இறங்கியது. 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி, இன்றைய மஹிந்திரா 'தார்', ஜிம்னி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். இவற்றில் ஓட்டுநர் கைக்கு எட்டும் ஒரு சிறு தண்டில் 'டூ ஹை', 'ஃபோர் ஹை', 'ஃபோர் லோ' என்று நிலைகள் இருக்கும். 'லோ' என்பது வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டும் நிலை. செங்குத்தான ஏற்றத்துக்கும், புதைந்த வண்டியை மெல்லக் கிளப்புவதற்கும் அது.

மணலில் இந்தப் பூட்டு ஒரு தொல்லையும் தராது. நாம் கணக்கிட்ட 1.9 மீட்டர் வித்தியாசத்தை டயர் மணலில் கொஞ்சம் வழுக்கியே சரிக்கட்டிவிடும். மணல் விட்டுக்கொடுக்கிறது, அதனால் எந்திரம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

அதே வண்டி அதே பூட்டோடு காய்ந்த தார்ச் சாலைக்கு ஏறினால் கதை மாறும். தார் டயரை எளிதில் வழுக்க விடாது. வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டிலும் ஜாயிண்ட்டிலும் பற்சக்கரத்திலும் முறுக்காகச் சேரும். திருப்பத்தில் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி தயங்கும். பிறகு டயர் 'கிறீச்' என்று ஒரு முறை துள்ளி முறுக்கை விடும், மறுபடியும் சேரும். டூ வீலுக்கு மாற்ற நினைத்தால் கியர் தண்டு நகராது. பற்களுக்கு இடையே அவ்வளவு இறுக்கம். வண்டியை நேராக வைத்துச் சில அடிகள் பின்னுக்கு எடுத்தால் முறுக்கு கழன்று தண்டு தானாக விழும். பலர் இது தெரியாமல் தண்டைப் பலங்கொண்டு இழுத்து, உள்ளே இருக்கும் ஃபோர்க்கை வளைத்துவிடுகிறார்கள்.

நேர்ச்சாலையிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. முன் டயர் புதிது, பின் டயர் தேய்ந்தது என்றால் இரண்டின் சுற்றளவும் வேறு. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அந்தச் சிறு வித்தியாசம் முறுக்காகச் சேர்ந்துகொண்டே இருக்கும். அரை கிலோமீட்டர் தார், நடுவில் ஐம்பது அடி மணல், மறுபடி தார் என்று மாறும் பழவேற்காட்டுச் சாலையில் பார்ட் டைம் வண்டிக்காரர் ஒவ்வொரு மணல் திட்டுக்கும் தண்டைப் போட்டு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சோம்பலில் அப்படியே விட்டுவிட்டால் செலவு பட்டறையில்.

நடுவில் உட்கார்ந்த சமரசம்

ஃபுல் டைம் வண்டியில் இந்த வேலையை ஒரு டிஃப்ரன்ஷியல் செய்கிறது. சாதாரணக் காரிலும் விசை பெறும் அச்சில் ஒன்று உண்டு. வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது அதுதான். பிரான்ஸைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதற்கு உரிமை பெற்றார். அதே உறுப்பை முன், பின் ஷாஃப்ட்டுகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று வைத்தால், முன் ஷாஃப்ட் மூன்று சுற்று முந்திப் போனாலும் உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்கள் உருண்டு அதை ஏற்றுக்கொள்ளும். எங்கும் முறுக்கு சேராது. தாரிலும் மணலிலும் ஒரே நிலையில், தண்டைத் தொடாமல் ஓட்டலாம்.

இந்த யோசனை ஜீப்பைவிட மூத்தது. 1613-இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்களின் நாட்டில், ஸ்பைக்கர் சகோதரர்கள் 1903-இலேயே நான்கு சக்கரங்களுக்கும் நிரந்தரமாக விசை போகும் பெட்ரோல் காரைச் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் சந்தையில் அது நிலைபெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1970-இல் ரேஞ்ச் ரோவர், 1977-இல் சோவியத் நாட்டு லாடா நிவா, 1980-இல் ஆடி குவாட்ரோ ஆகியவைதான் ஃபுல் டைம் ஏற்பாட்டை உலகம் கவனிக்கச் செய்தவை.

அப்படியானால் ஃபுல் டைம்தான் உசத்தி என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சாதாரண டிஃப்ரன்ஷியலுக்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு. வேகத்தை எப்படி வேண்டுமானாலும் பிரிக்க விடும். விசையை மட்டும் இரு பக்கமும் சமமாகத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் தாங்கக்கூடிய விசை குறைந்தால் மறுபக்கத்துக்கும் அதே குறைந்த விசைதான் கிடைக்கும்.

எண்களில் பார்ப்போம். ஏரிக்கரையில் முன்சக்கரம் ஒன்று வழவழப்பான சேற்றில் மாட்டிக்கொண்டது. அதனால் 30 கிலோ விசைக்கு மேல் தாங்க முடியாது. மற்ற மூன்றும் கெட்டித் தரையில். ஒவ்வொன்றும் 300 கிலோ தாங்கும். மூன்று டிஃப்ரன்ஷியல்களும் திறந்தே இருக்கும் ஃபுல் டைம் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் தலா 30, மொத்தம் 120 கிலோ. மாட்டிய சக்கரம் மட்டும் விசிறியாகச் சுற்றும், வண்டி நகராது. ஷாஃப்ட்டுகள் பூட்டப்பட்ட பார்ட் டைம் வண்டியில் முன் அச்சுக்கு முப்பதும் முப்பதும் அறுபது. ஆனால் பின் அச்சு தன்னிச்சையாக அறுநூறு வரை இழுக்கும். மொத்தம் 660. ஜீப் ஏறிவிடும். எண்பது வருடப் பழைய ஏற்பாடு, நவீன ஏற்பாட்டைச் சேற்றில் தோற்கடிக்கிறது.

அதனால்தான் காட்டுப் பாதைக்கென்றே செய்யப்பட்ட ஃபுல் டைம் வண்டிகளில் நடு டிஃப்ரன்ஷியலைப் பூட்டும் வசதி கட்டாயம் இருக்கும். நிவாவில் அதற்கு ஒரு தண்டு, பழைய டிஃபெண்டரிலும் அப்படியே. பூட்டினால் அது பார்ட் டைம் வண்டியின் 'ஃபோர் ஹை' நிலைக்கு வந்துவிடும். தாருக்கு ஏறியதும் விடுவிக்க வேண்டும். பூட்டாமலே சமாளிக்கவும் வழிகள் வந்தன. டார்சன் என்ற பற்சக்கர அமைப்பு, அதிகம் சுற்றும் பக்கத்திலிருந்து விசையைப் பிடுங்கி மறுபக்கம் அனுப்பும். விஸ்கஸ் கப்ளிங்கில் சிலிகான் எண்ணெயில் தட்டுகள் மூழ்கியிருக்கும். வேக வித்தியாசம் கூடினால் எண்ணெய் இறுகிப் பிடிக்கும். இன்றைய வண்டிகளில் கணினியே சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கிறது. அந்தச் சக்கரம் எதிர்ப்புக் காட்டியதும், டிஃப்ரன்ஷியலின் சம நீதி மறுபக்கத்துக்கும் கூடுதல் விசையை அனுப்பிவிடும்.

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் அதன் எதிர்மூலையில் ஒரு சக்கரம் என இரண்டும் பிடிப்பிழந்தால் பூட்டிய ஷாஃப்ட்டும் போதாது. இரண்டு அச்சிலும் விசை வீணாகிவிடும். அந்த நேரத்தில் பின் அச்சின் டிஃப்ரன்ஷியலைப் பூட்டும் லாக்கர் இருந்தால்தான் மீட்சி.

தேவைப்பட்டால் மட்டும் முன்னோ பின்னோ இணையும் மூன்றாவது ரகமும் சந்தையில் உண்டு. 2014-இல் இந்தியாவுக்கு வந்த டஸ்டர் ஆல் வீல் டிரைவ் அப்படிப்பட்டது. மின்சாரத்தால் இயங்கும் கிளட்ச் ஒன்று, முன்சக்கரம் வழுக்கும்போது பின்சக்கரங்களைச் சேர்த்துக்கொள்ளும். மழைச் சாலைக்கும் மணல் மூடிய பத்தடிக்கும் நல்ல துணை. ஆழ்ந்த மணலில் நெடுநேரம் உழைக்க விட்டால் இவ்வகைக் கிளட்ச் சூடேறிக் கையை விரித்துவிடக்கூடும்.

டொயோட்டா ஃபார்ச்சூனரின் போக்கு இந்த விவாதத்துக்குச் சுவையான சாட்சி. 2009-இல் இங்கே அறிமுகமான ஃபோர் வீல் மாடல் ஃபுல் டைம், நடுப் பூட்டோடு. 2016-இல் வந்த அடுத்த தலைமுறை பார்ட் டைமாக மாறிவிட்டது. எப்போதும் முன் ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டிருந்தால் உராய்வும் எரிபொருள் செலவும் கூடுதல். பெரும்பாலான உரிமையாளர்களின் வண்டி ஆண்டு முழுதும் ஓடுவதோ நெடுஞ்சாலையில்.

டயரும் தரையும்

எந்த ரகமானாலும், மணலில் வண்டியின் விதியை முதலில் தீர்மானிப்பது டயர்க் காற்று. 1,700 கிலோ வண்டியில் ஒரு டயருக்கு 425 கிலோ. காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. என்றால், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ, டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தைப் பாதியாக்கினால் பரப்பு இரட்டிப்பாகிச் சுமார் 400. டயர் பெரும்பாலும் நீளவாக்கில் பரவும். மணலைக் குத்தாமல் அதன் மேல் படர்ந்து போகும். காற்றை இறக்காமல் ஃபோர் வீல் போட்டுக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர், இரண்டு குழிக்குப் பதில் நான்கு குழி தோண்டுகிறார். தார் ஏறியதும் காற்றைத் திரும்ப நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடும் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

மணலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காய்ந்த மணலில் துகள்களைச் சேர்த்துப் பிடிக்க உராய்வைத் தவிர வேறொன்றும் கிடையாது. அலை வந்து வடிந்த இடத்தில், துகள்களுக்கு இடையே தங்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அங்கே வண்டி சிமெண்ட் தரைபோல் ஓடும். அதை நம்பி இன்னும் நாலடி கடலை ஒட்டிப் போய் நின்றால், அடுத்த அலை துகள்களுக்கு இடையே நீரை முழுதாக நிரப்பிவிடும். அந்தப் படலத்தின் பிடி போய், டயரைச் சுற்றிய மணல் கரைந்து வண்டி உட்கார்ந்துகொள்ளும். ஏரிப் பக்கம் வேறொரு பொறி. கோடையில் நீர் வற்றிய சேற்றுப் பரப்பு வெடித்துக் காய்ந்து, நடக்கலாம் போலத் தோன்றும். மேலோடு சில அங்குலம்தான். கீழே ஈரக் களிமண். உள்ளே போன டயரின் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொண்டால் டயர் மொட்டையாகிவிடும். அப்போது ஃபுல் டைமும் பார்ட் டைமும் ஒன்றுதான்.

உண்மையில் அந்தப் பரப்பில் சக்கரமே இறங்கக் கூடாது. பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். பூநாரைகள் இரை தேடும் சேறு அது. கடற்கரைப் பக்கம் ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. மணலுக்கடியில் இருக்கும் முட்டைக் குழி ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. டயர்த் தடத்தின் பள்ளத்தில் விழுந்த குஞ்சுக்கு ஏறி வர முடியாது. ஃபோர் வீல் வண்டி பிழைப்புக்கும் அவசரத்துக்கும். சனி, ஞாயிறு சாகசத்துக்கு வேறு இடம் பார்ப்பது நல்லது.

உப்பு செய்யும் வேலை

இந்த ஊரில் இழுவையைவிடப் பெரிய எதிரி உப்பு. பார்ட் டைம் வண்டியில் மாதக்கணக்கில் தொடாத முன்பக்க இணைப்புகள் துருவேறி, தேவைப்படும் நாளில் சேராமல் போகும். மாதம் ஒருமுறையாவது மணலிலோ மண் சாலையிலோ ஃபோர் வீல் போட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். பழைய ஜீப்புகளில் முன்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் லாக் கையால் திருப்பக்கூடியது. அதை அவ்வப்போது திருப்பிப் பார்க்காவிட்டால் உப்பு அதை அப்படியே ஒட்டிவிடும்.

ஓடிச் சூடேறிய அச்சு உப்புத் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுக்கும். பிறகு கிரவுன் ஆயிலை இறக்கிப் பார்த்தால் பால் கலந்த டீயாக வெளுத்து வரும். அந்த எண்ணெயோடு ஓடும் பேரிங்குக்கு ஆயுள் குறைவு. ஃபுல் டைம் வண்டியில் டிஃப்ரன்ஷியல் மூன்று. சோதித்துப் பார்க்க வேண்டிய இடமும் கூடுதல்.

எதை வாங்குவது?

சோழமண்டலக் கரையின் பல குப்பங்களில் ஃபைபர் படகுகளைக் கரையேற்ற டிராக்டர் வந்துவிட்டது. நான்கு சக்கர இழுவையுள்ள டிராக்டரின் அமைப்பைப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் சாரம் அதில் இருக்கிறது. அதன் முன்சக்கரங்கள் சிறியவை. அவற்றின் விளிம்பு பின்சக்கர விளிம்பைவிடச் சில சதவீதம் வேகமாக ஓடும்படி வேண்டுமென்றே பற்சக்கரங்கள் கணக்கிடப்பட்டிருக்கும். முன்பக்கம் எப்போதும் கொஞ்சம் முந்தி இழுத்தால்தான் அதனால் பயன். நடு டிஃப்ரன்ஷியல் கிடையாது. வயலும் மணலும் வழுக்க இடம் கொடுக்கும் என்று முழுக்க நம்பிச் செய்த எந்திரம் அது. தார் ஏறும்போது ஃபோர் வீலை எடுத்துவிடாத டிராக்டரின் முன் டயர் சீக்கிரமே மொட்டையாவதும் அதே காரணத்தால்தான்.

ஆகவே ஃபுல் டைமா பார்ட் டைமா என்ற கேள்விக்கு விடை வண்டியின் விலைப்பட்டியலில் கிடைக்காது. உங்கள் வழித்தடத்தில் கிடைக்கும். நெடுந்தூரம் மணல், நெடுந்தூரம் தார் என்று பாதை தெளிவாகப் பிரிந்திருந்தால் பார்ட் டைம் போதும். மலிவு, உறுதி, பழுது பார்ப்பதும் எளிது. நூறு அடிக்கு ஒரு தரம் தரை மாறும் பாதை என்றால், மழையிலும் மலை வளைவிலும் நாள்தோறும் ஓட்ட வேண்டும் என்றால், ஃபுல் டைம் கைக்கும் எந்திரத்துக்கும் சுகம். எதை வாங்கினாலும் விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நடுவில் டிஃப்ரன்ஷியல் இருக்கிறதா? இருந்தால், அதைப் பூட்ட முடியுமா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் காய்ந்த தாரில் ஃபோர் வீல் போடாதீர்கள். இரண்டாவதற்கு 'முடியாது' என்றால், அந்த வேலையைக் கணினி எப்படிச் செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சேற்றுப் பக்கம் போகாதீர்கள்.